எந்தப் பக்கம் இழுத்தேன்

போன மாதம் என் பழைய அலுவலகத்தில் வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். விபத்து நடந்த இடத்தில் டயர் இழுத்துப் பார்ப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது வண்டிகளில் கேமரா வந்துவிட்டது, வேகத்தை ஒரு பெட்டியே சொல்லிவிடுகிறது. ஆனால் மலையில் ஓடும் பழைய லாரிக்கும் ஜீப்புக்கும் அது இல்லை. "உங்களத்தானுங்க எல்லாரும் சொல்றாங்க" என்றார்கள்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். சரி என்று சொல்லிவிட்டேன். முறையை மட்டும் எழுதினால் பாதி எழுதியதாகும். மீதியையும் எழுதுகிறேன்.

என் அப்பா கற்பூர மரம், அதாவது தைல மரம், வெட்டி இழுத்தவர். நானும் இரண்டு வருடம் அவரோடு இழுத்தேன். பிறகு வாகன ஆய்வு அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கத் தினக்கூலியாகப் போனேன். ஒன்பது வருடம் கழித்து வேலை நிரந்தரமானது. தகுதிச் சான்றுக்கு வரும் வண்டிகளுக்குச் சாக்பீஸ் கோடு போடுவேன், சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன், டேப் பிடிப்பேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நடராஜ் சார் ஆய்வாளராக வந்த பிறகுதான் எனக்கு வேலை என்று ஒன்று ஆனது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். இடது முட்டி சரியாக மடங்காது. குளிர் வந்தால் கூடுதலாக வலிக்கும், ஆகையால் மலையில் வருடம் பூராவும் வலித்தது. சத்தம் போட்டுப் பேச மாட்டார். கணக்குப் போட்டால் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்ப்பார். இரண்டும் ஒத்து வந்தால்தான் கையெழுத்து. தப்பாக இருந்தால் திட்ட மாட்டார். பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். திட்டினால் தேவலை என்று இருக்கும்.

வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு மைதானத்தில் நிற்க வைத்தார். அவரே ஜீப்பை ஓட்டி வந்து, நான் போட்ட கோட்டில் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் நின்று, வண்டி தேய்ந்து நின்றது.

"எவ்வளவு?"

"ரெண்டரை மீட்டருங்க."

"இருபதுல வந்தேன். இப்ப நாப்பதுல வரப்போறேன். எவ்வளவு தேயும், சொல்லு பாக்கலாம்."

"அஞ்சுங்க."

"பந்தயமா? ஒரு டீ."

"வெச்சுக்கலாமுங்க."

நாற்பதில் வந்து அழுத்தினார். பத்து மீட்டர். நான் டேப்பை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தேன். பத்துதான்.

"மாரப்பா, வேகம் ரெண்டு மடங்கானா தூரம் நாலு மடங்கு. இதத் தெரியாமத்தான் பாதிப் பேரு சாகறான். போய் டீ சொல்லு."

பிறகு கணக்கைச் சொல்லித் தந்தார். தேய்ந்த நீளம் ஒன்று. ரோடு எவ்வளவு பிடிக்கிறது என்பது ஒன்று. இரண்டையும் பெருக்கி, இருநூற்று ஐம்பத்து நாலால் பெருக்க வேண்டும். எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அந்த விடை வருமோ, அதுதான் வண்டி வந்த வேகம், மணிக்குக் கிலோமீட்டரில்.

"இருநூத்தி அம்பத்தி நாலு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அது பூமி இழுக்கறது, மணி, கிலோமீட்டர் எல்லாம் சேந்து வந்தது. நீ பெருக்கு, போதும்."

பெருக்கினேன். வண்டி எவ்வளவு கனம் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. லாரியானாலும் ஆட்டோவானாலும் ஒன்றுதான். அதை நம்ப எனக்கு ஒரு வருடம் ஆனது.

ரோடு எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க ஒரு டயர் செய்தோம். பழைய டயரைப் பாதியாக வெட்டி, உள்ளே சிமெண்டு ஊற்றி, சரியாக இருபது கிலோவுக்குக் கொண்டுவந்தோம். முன்னால் ஒரு கொக்கி. கொக்கியில் வில் தராசு. தராசைப் பிடித்து டயரை ரோட்டில் இழுக்க வேண்டும். முதலில் அசையும்போது காட்டுவதைப் பார்க்கக் கூடாது, அது கூடக் காட்டும். ஒரே சீராக நகரும்போது காட்டுவதுதான் எண். மூன்று தடவை இழுத்து நடு எண்ணை எடுக்க வேண்டும். அதை இருபதால் வகுத்தால் ரோட்டின் பிடி. மற்ற ஆய்வாளர்கள் புத்தகத்தைப் பார்த்து ஒரு எண்ணைப் போடுவார்கள். சார் அப்படிப் போட மாட்டார். அந்த இடத்தில், அந்த ஈரத்தில் இழுத்தால்தான் ஒத்துக்கொள்வார்.

தேய்ந்த தடத்தை அளப்பதையும் எழுதிவிடுகிறேன். நின்று பார்த்தால் தடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. ரோட்டோடு கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த ரோட்டில் கருப்பாக இருக்கும். ஈரமான ரோட்டில் கருப்பு விழாது, கழுவிவிட்ட மாதிரி வெளுப்புத்தான் இருக்கும். அதுவும் மழை விடாமல் பெய்தால் அரை மணியில் போய்விடும். உரச் சாக்கைப் போட்டு மூடி, நாலு கல் வைக்கச் சொல்லி ஸ்டேஷன்களில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம்.

நான் டயர் இழுப்பதைப் பார்த்துப் போலீஸ்காரர்கள் சிரிப்பார்கள். "என்ன மாரப்பா, கெடாக்குட்டி சண்டித்தனம் பண்ணுதாட்ட இருக்குது?" என்று ஒரு ஏட்டு எப்போதும் கேட்பார். "ஆமாங்க, உங்களையும் கட்டி இழுத்தாத்தான் வருவீங்க" என்பேன். அது ஒரு பழக்கம். செத்தவரின் ஆட்கள் பக்கத்தில் நிற்காதபோதுதான்.

முட்டியால் சார் ஜீப்பை விட்டு இறங்கமாட்டார். முன் சீட்டில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அளந்து கத்துவேன். அவர் எழுதுவார். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட். பெயர் வேண்டாம். பேக்டரிக்குப் போகும் ரோடு செங்குத்தான இறக்கம், ஆறடி போனால் ஓரடி இறங்கும். முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று போர்டு உண்டு. ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு, தூறலில், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி அந்த இறக்கத்தில் வந்தது. பாக்கியம் என்ற அம்மா தலையில் கொழுந்து மூட்டையோடு தேயிலைக்குள்ளிருந்து ரோட்டில் இறங்கினார். மூட்டை ஒரு பக்கக் காதையும் கண்ணையும் மறைத்துவிடும். டிரைவர் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் நின்றது, லாரி நிற்கவில்லை. அந்த அம்மாவை இடித்து, இன்னும் கொஞ்சம் போய் நின்றது. ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போய்விட்டது.

நாங்கள் போனபோது ஒன்றரை மணி. தடத்தைச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். டிரைவர் செல்லையா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தாய் தகப்பன் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், இவர் கைக்குழந்தையாக வந்தவர். செத்த அம்மாவும் அதே லயம், எஸ்டேட் வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளி.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்க?" சார் ஜீப்பிலிருந்து கேட்டார்.

"மெதுவாத்தாங்க ஐயா வந்தேன். இருபத்தஞ்சு, முப்பது இருக்கும்."

"மீட்டர்ல பாத்தீங்களா?"

"மீட்டர் முள்ளு நான் இந்த வண்டிக்கு வந்ததுலருந்தே படுத்துத்தாங்க கெடக்கு."

அது உண்மை. நானே பார்த்தேன். பிரேக் நன்றாக இருந்தது. டயரும் பரவாயில்லை.

தடம் பதினைந்து மீட்டர். பன்னிரண்டாவது மீட்டரில் மூட்டை சிதறிக் கொழுந்து கிடந்தது. இடித்தது அங்கே. பிறகு டயரைக் கொக்கியில் மாட்டினேன். மேலே பார்த்து, ஏற்றத்தில் இழுத்தேன்.

ஏன் ஏற்றத்தில் என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று எவரும் கேட்கவில்லை. மரம் இழுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாரத்துக்குக் கீழே நிற்க மாட்டார்கள். இறக்கத்தில் பாரத்தின் முன்னால் நின்று இழுத்தால் அது எப்போது வந்து காலை உடைக்கும் என்று தெரியாது. அப்பா எனக்குச் சொன்னது அது ஒன்றுதான், அறைந்து சொன்னார். இருபது கிலோ டயர் யார் காலையும் உடைக்காது. ஆனாலும் இறக்கத்தில் அதை முன்னால் நின்று இழுக்க என் உடம்பு ஒப்பவில்லை. முதல் நாளிலிருந்தே சரிவு என்றால் மேலே ஏறித்தான் இழுத்தேன். அலுவலக மைதானத்தில் ஈரத்தில் எட்டுக் காட்டும். மலை ரோட்டில் பத்து, பதினொன்று காட்டும். மலை ரோடு கரடு, அதனால் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு?"

"பதினொண்ணுங்க."

சார் பென்சிலை நிறுத்தினார். "ஈரத்துல பதினொண்ணா?"

"மூணு தடவையும் அதானுங்க."

"புது ஜல்லி போட்டிருக்காங்க. இருக்கும்."

எழுதிவிட்டார்.

கணக்கு இதுதான். பதினொன்றை இருபதால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, இருநூற்று ஐம்பத்து நாலால் பெருக்கினால் இரண்டாயிரத்துத் தொண்ணூற்றைந்து. நாற்பத்தாறை நாற்பத்தாறால் பெருக்கினால் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு. நாற்பத்தைந்தானால் இரண்டாயிரத்து இருபத்தைந்து. நாற்பத்தாறுக்குக் கிட்ட. சார் மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். ஒத்து வந்தது.

முப்பது போர்டில் நாற்பத்தாறு.

கோர்ட்டுக்குக் கோப்பை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். செல்லையாவின் வக்கீல் சின்னப் பையன். கணக்கில் சந்தேகம் உண்டா என்று சாரைக் கேட்டார். "கணக்குல தப்பில்லைங்க" என்றார் சார். அதிலும் தப்பில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வெளியே மரத்தடியில் செல்லையா என்னிடம் வந்தார்.

"ஐயா, நெசமாவே நாப்பத்தாறா?"

"அளந்ததுதானுங்க."

"மூட்டை ஏத்தி முடிச்ச அவசரத்துல வந்திருப்பேன்போல. எனக்கு விளங்கல. அளந்து சொன்னா சரியாத்தானே இருக்கும்."

நான் தலையாட்டினேன்.

ஒரு வருடம் உள்ளே போட்டார்கள். லைசென்ஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு நானும் அவரை மறந்துவிட்டேன். மறக்கவில்லை என்று எழுதினால் பொய்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு இடம், வேறொரு இறக்கம். நல்ல வெயில். அன்று சாருக்கு முட்டி வலி குறைவு. ஜீப்பை விட்டு இறங்கி, தடுப்புக் கல்லைப் பிடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் டயரை மாட்டி மேலே பார்த்து நடந்தேன்.

"மாரப்பா, எங்க போறே?"

"இழுக்கப் போறேனுங்க."

"வண்டி எந்தப் பக்கம் போச்சு?"

"கீழங்க."

"நீ எந்தப் பக்கம் போறே?"

நான் நின்றேன். எனக்கு இன்னும் புரியவில்லை. "கீழ நின்னு இழுத்தா பாரம் மேல வந்துருமுங்க" என்றேன்.

அவர் கையைக் கீழ்ப்பக்கம் காட்டினார். நான் திரும்பி, இறக்கத்தில் இழுத்தேன். பழகாத வேலை, கால் கூசியது. டயர் சுலபமாக வந்தது. தராசு அதற்கு முன் எப்போதும் காட்டாத எண்ணைக் காட்டியது. வழக்கமாக மேலே இழுத்தால் வருவதில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

அப்போது புரிந்தது. இறக்கத்தில் போகும் வண்டியை மலையும் சேர்ந்து கீழே தள்ளுகிறது. பிரேக் பிடித்தாலும் தள்ளுகிறது. ஆகையால் கொஞ்ச வேகத்துக்கே தடம் நீளமாக விழும். மேலே பார்த்து இழுத்தால் மலை நம் கையை எதிர்க்கிறது. அதையும் ரோட்டின் பிடி என்று சேர்த்து எழுதிவிட்டால், மெதுவாக வந்தவன் வேகமாக வந்தவன் ஆகிவிடுவான். நடந்தது இவ்வளவுதான்.

சார் கல்லில் உட்கார்ந்தார். "எத்தன வருசமா?"

"ஆரம்பத்துலருந்துங்க."

பென்சிலை வைத்துவிட்டுப் பார்ப்பார் என்றேனே, அப்படிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார்.

அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்புகளை எடுத்தோம். நான் டயர் இழுத்ததில் சரிவில் நடந்தவை ஏழு. ஒவ்வொன்றாகச் சார் மறுபடி கணக்குப் பார்த்தார். ஆறில் எதுவும் மாறவில்லை. இரண்டில் வண்டி ஏற்றத்தில் போனது, அதில் நான் இழுத்தது சரி. ஒருவர் குடித்திருந்தார். மூன்று பேர் எப்படிப் போட்டாலும் அளவுக்கு மீறித்தான் வந்திருந்தார்கள். ஏழாவது செல்லையா.

மழைக்குக் காத்திருந்தோம். தூறல் விழுந்த அன்று அதே இறக்கத்துக்குப் போனோம். அதே டயர், அதே தராசு. சார் இறங்கி நின்றார். மேலே இழுத்தேன், பதினொன்று. கீழே இழுத்தேன், நாலரை. மறுபடி இழுத்தேன், நாலரை. அவரே தராசை வாங்கி, முட்டியை இழுத்துக்கொண்டு பத்தடி இழுத்தார். நாலரை.

ஜீப் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டார். எண்ணூற்று ஐம்பத்தேழு. இருபத்தொன்பதை இருபத்தொன்பதால் பெருக்கினால் எண்ணூற்று நாற்பத்தொன்று.

இருபத்தொன்பது. போர்டு முப்பது. அந்த ஆள் சொன்னது இருபத்தஞ்சு, முப்பது.

சார் மேலதிகாரிகளுக்கு எழுதினார். எல்லாவற்றையும் எழுதினார். தன் பெயரைத்தான் எழுதினார், என் பெயரை எழுதவில்லை. பதில் வர நாலு மாதம் ஆனது. வழக்கு முடிந்துவிட்டது, தண்டனையும் முடிந்துவிட்டது, சம்பந்தப்பட்டவர் விரும்பினால் கோர்ட்டை அணுகலாம், இனிமேல் கவனமாக இருக்கவும். அவ்வளவுதான். வக்கீலுக்கும் எழுதினார். அவர் தொழிலை விட்டு எங்கேயோ போய்விட்டாராம், கடிதம் திரும்பி வந்தது.

"நேர்ல போய்ச் சொல்லிரலாமுங்களா?" என்று நான் கேட்டேன்.

"போகணும்" என்றார். அந்த மாதமே அவருக்கு மலைக்குக் கீழே மாறுதல் வந்தது. போகிற அன்று மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எவ்வளவுன்னு கேட்டேன். எந்தப் பக்கம்னு ஒரு நாளும் கேக்கல."

"இழுத்தது நானுங்க."

"கையெழுத்து என்னுதுய்யா."

அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் செல்லையாவிடம் போகவில்லை. போனால் அவர் கோர்ட்டுக்குப் போவார், என்னைக் கூப்பிடுவார்கள், வேலை போகும் என்று பயந்தேன். வேறு காரணம் கிடையாது. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. டயரை வண்டி போன பக்கமே இழுத்துக்கொண்டு இன்னும் நாலு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று, பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சூர் பஸ் ஏறினேன்.

லயத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். செல்லையா வாசலில் புல் வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது எஸ்டேட்டில் அந்த வேலைதான். தலை பூராவும் நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் எழுந்துவிட்டார்.

"டயர் இழுத்த ஐயாவா! வாங்க, உள்ள வாங்க. ஏய், தேத்தண்ணி வையி."

அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தது. "டயர் இழுத்தவரா? அதுக்கு ஒரு ஆபீசரு வேணுமாக்கும்?"

"சும்மா இருடி. அவங்க அளந்தாத்தான் கோர்ட்டே நம்பும்."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். நான் டயரைத் தப்பான பக்கம் இழுத்தேன். நீங்கள் வந்தது நாற்பத்தாறு இல்லை. இருபத்தொன்பது. உங்கள்மேல் தப்பில்லை.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறுக்கா சொல்லுங்க."

மறுபடி சொன்னேன்.

அவர் சம்சாரம் டம்ளரோடு வந்து நின்றது. "அப்ப எதுக்கு இவரு ஒரு வருசம் உள்ள இருந்தாரு?" என்று கேட்டது. என்னைத்தான் கேட்டது. "எம்புள்ள கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டான், கொலைகார டிரைவர் வீடாமேன்னு. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" என்றது. டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

செல்லையா அதைக் கவனிக்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எவ்வளவுல வந்திருந்தா பாக்கியம் அக்கா தப்பிச்சிருக்கும்?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எண் கேட்டால் சொல்லிப் பழகிய வாய். காகிதம் கேட்டேன். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் தந்தார். கண் பார்த்துக் கால் அழுத்த ஒரு விநாடி ஆகும் என்று சார் சொல்லியிருந்தார். இருபத்தொன்பதில் வந்தால் அந்த விநாடியில் எட்டு மீட்டர். பிறகு தேய்ந்துகொண்டே இடித்த இடம் வரை பன்னிரண்டு. ஆக, அந்த அம்மாவைப் பார்த்தபோது லாரிக்கும் அவருக்கும் நடுவில் இருபது மீட்டர் இருந்தது. இருபதில் வந்திருந்தால் பதிமூன்றில் நிற்கும். இருபத்தைந்து போட்டேன், பதினெட்டு. இருபத்தாறு போட்டேன். பார்த்து அழுத்துவதற்குள் ஏழு, தேய்வது பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்தேழு போட்டேன். இருபதைத் தாண்டிவிட்டது.

மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன்.

"இருபத்தாறுங்க" என்றேன்.

"இருபத்தாறுல நின்னிருக்குமா?"

"ஒரு மீட்டர் முன்னால நின்னிருக்கும்."

"அப்ப மூணு."

"ஆமாங்க. மூணு கிலோமீட்டர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

அவர் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"வெளிய வந்ததும் கருப்பையா அண்ணன் கால்ல விழுந்தேன். பாக்கியம் அக்கா வீட்டுக்காரரு. நாப்பத்தாறுல வந்துட்டேண்ணே, மன்னிச்சிருங்கன்னேன். ரெண்டு வருசம் மூஞ்சியப் பாக்கல அவரு. அப்புறம் ஒரு நாள் அவராவே வந்து, விடுடா, கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிட்டே, நீயும் அனுபவிச்சிட்டேன்னாரு. இப்ப ஒரே பைப்புல தண்ணி பிடிக்கிறோம். இந்த மூணக் கொண்டு போயி அவருகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

"சட்டப்படி உங்க மேல தப்பில்லைங்க. கோர்ட்டுக்குப் போனா நான் வந்து சொல்றேன்."

"விளங்குது ஐயா." தாளை என் பக்கம் தள்ளினார். "நாப்பத்தாறே இருக்கட்டும். நாப்பத்தாறுன்னா நான் தப்புப் பண்ணினவன். தண்டனை அனுபவிச்சாச்சு. இந்த மூணுக்கு எந்தக் கோர்ட்டுல போயி நான் உள்ள இருக்க முடியும்?"

அப்போது வெளியே ஒரு வயசாளி குடத்தோடு போனார். நின்று, என்னைப் பார்த்தார். "யாரு செல்லையா, ஒறமொறையா?"

"இல்லண்ணே. பழைய ஆபீஸ்காரரு. சும்மா பாக்க வந்தாரு."

"இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லு."

"சொல்றேண்ணே."

குடம் தளும்பாமல் அவர் நடந்து போனார். அவர்தான் கருப்பையா என்று செல்லையா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. செல்லையா ரோடு வரைக்கும் கூடவே வந்தார். இறக்கத்தில் ஒரு ஜீப் வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். எங்களைத் தாண்டிப் போகும் வரை பார்த்தார்.

"இது எவ்வளவுல போகுதுங்க ஐயா?"

முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும்.

"தெரியலைங்க" என்றேன்.